டர்போ போன டீசல் வண்டியா, ஓடுகிற வண்டியா?

பட்டர்வொர்த்தில் ஒரே ரக டீசல் பிக்கப் இரண்டு பார்த்தோம். ஒன்றில் டர்போ, அதாவது என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம், போய்விட்டது; விலை மலிவு. மற்றது நன்றாக ஓடுகிறது, விலை கூடுதல்.

மலிவானதற்கு டர்போ விலையை மட்டும் கூட்டிப் பார்த்தால் போதாது. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டு, மெல்லிய எண்ணெய்ப் படலத்தில்தான் மிதக்கிறது. எண்ணெய்க் குழாய் அடைத்ததால் போயிருந்தால், குழாயை மாற்றாமல் போடும் புது டர்போவும் போய்விடும். உடைந்த இறக்கைத் துண்டு என்ஜினுக்குள் விழுந்திருந்தால் செலவு எங்கே நிற்குமோ! பழைய வண்டிகளை வெட்டி உதிரிப் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் டர்போ கிடைக்கும், சரி. அது எப்படி ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

ஓடுகிற வண்டியை மேட்டில் ஏற்றி, புகையையும் இழுவையையும் நாமே பார்த்துவிடலாம். நான் அதைத்தான் எடுப்பேன். சொந்தத்தில் பட்டறை மாமா இருந்தால் மட்டும் மலிவானதை யோசிக்கலாம். அப்போதும் டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றி, உடைந்த துண்டு உள்ளே கிடக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.