இடது பின் ஷாக் மட்டும் சூடாகவில்லை: உயர்த்திய ஜீப்புடன் ஐந்து ஆண்டுகள்

கீழக்கரையிலிருந்து சாயல்குடி வரை தார்ச்சாலை. அங்கிருந்து மாரியூர், மூக்கையூர் பக்கம் கரைக்கு இறங்கினால் மணலும் உடைமுள்ளும்தான். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சகதியும் சேர்ந்துகொள்ளும். கருவாட்டு வியாபாரத்துக்காக வாரம் மூன்று முறை ஐஸ் பெட்டிகளோடு அந்த வழியில் போய்வருகிறேன். அதற்காகவே 2020-ல் என் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்பை 2 அங்குலம் உயர்த்தினேன். நான்கு பக்கமும் தடித்த கமான் பட்டை, அதாவது வண்டியின் எடையைத் தாங்கும் அடுக்கு இரும்புப் பட்டை போட்டார்கள். பட்டையின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சர்பர்கள் பழையவையே, நன்றாகத்தான் இருக்கின்றன, மாற்ற வேண்டாம் என்று உயர்த்திக் கொடுத்த பட்டறையில் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பியதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து விலை கொடுத்தேன்.

முதலில் வந்தது ஒரு சத்தம். வேகத்தடையில் ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது பின்பக்கம் இடதில் ‘டொக்’ என்று கேட்கும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போதெல்லாம் அதே சத்தம். ஏறும்போதா, இறங்கும்போதா என்பதை அன்றே கவனித்துச் சொல்லியிருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும். நான் ‘பின்னால் சத்தம் வருகிறது’ என்று மட்டும் சொன்னேன். ஓர் இடத்தில் பட்டையின் முனையிலுள்ள ரப்பர் உருளைகளான புஷ்களை மாற்றினார்கள். இன்னோர் இடத்தில் பட்டையை ஆக்ஸிலோடு (சக்கரங்களைத் தாங்கும் அச்சோடு) பிடித்திருக்கும் யூ போல்ட்டை முறுக்கினார்கள். சத்தம் ஒரு வாரம் அடங்கி மறுபடி வந்தது. அதற்குள் இடது பின் டயரில் கைவைத்தால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. சக்கரம் தரையில் படியாமல் துள்ளித் துள்ளி ஓடினால் ரப்பர் அப்படித்தான் திட்டுத் திட்டாகத் தேயும். அதற்கும் வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தில் போன ஒரு நாள்தான் எனக்குப் பயம் வந்தது. தென்மேற்குக் காற்று பலமாக வீசிய ஆனி மாதம். பாலத்தின் ஒவ்வோர் இணைப்பைத் தாண்டும்போதும் வண்டியின் பின்பாகம் ஒரு பக்கமாக ஆடி, நிற்க நேரம் எடுத்துக்கொண்டது. 2 கிலோமீட்டருக்கும் கூடுதலான அந்தப் பாலத்தை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி கடந்தேன்.

மறுநாள் கீழக்கரையில் ஒரு பாயிடம் போனேன். லாரிப் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். வழக்கமாக எல்லோரும் செய்வதுபோல் வண்டியை மூலையில் அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று நான் காட்டப்போனேன். “தம்பி, இந்தப் பட்டைக்கு அது சரிப்படாது” என்றார். உண்மைதான். தடித்த பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே ஆட்டம் அடங்கிவிடும். ஷாக் செத்துப்போயிருந்தாலும் தெரியாது. “ஏர்வாடி வரை போய்வந்து நான்கு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள்” என்றார்.

போய்வந்து தொட்டேன். முன்னிரண்டும் வலது பின்னும் நன்றாகச் சூடேறியிருந்தன. இடது பின் மட்டும் நிழலில் கிடந்த இரும்புபோல் குளிர்ந்திருந்தது. ஷாக்கின் வேலையே பட்டையின் ஆட்டத்தை உள்ளிருக்கும் எண்ணெய் வழியாக வெப்பமாக மாற்றுவதுதான். வெப்பம் இல்லையென்றால் வேலையும் நடக்கவில்லை. தொடும்போது சைலன்சர் குழாயிலும் பிரேக் டிரம்மிலும் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடியில் குனிந்து பார்த்தபோது அதன் உடலெல்லாம் எண்ணெய் வழிந்து, அதன்மேல் கடற்கரை மணல் சாந்து பூசியதுபோல் ஒட்டியிருந்தது. இலேசான எண்ணெய்ப் படலம் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. இது ஒழுகிய எண்ணெய். கீழ் போல்ட்டைக் கழற்றிக் கையால் இழுத்தோம். வாஷர் போன சைக்கிள் பம்பைப்போல் ஒரு பிடிப்பும் இல்லாமல் போய்வந்தது. தண்டில் உப்புக்காற்று அரித்த சிறு குழிகள் இருந்தன. எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ஆயில் சீலை அவை கிழித்திருக்கும் என்று நினைத்தேன். பாய் அதோடு விடவில்லை. “இது பின்னால் வந்த நோய். முதல் நோய் வேறு” என்று சொல்லி டேப்பை எடுத்தார்.

வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஷாக்கின் மேல் கண்ணுக்கும் கீழ் கண்ணுக்கும் (போல்ட் போகும் வளையங்களுக்கு) உரிய இடங்களுக்கு நடுவே அளந்தோம்: 570 மில்லிமீட்டர். கழற்றிய ஷாக்கை முழு நீளத்துக்கு இழுத்து அளந்தால் 545. அதாவது, பட்டை இன்னும் கீழே போக இடமிருந்தும் ஷாக்கின் நீளம் 25 மில்லிமீட்டர் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. சக்கரம் தொங்கிய ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலின் எடையை அந்த மெல்லிய தண்டு தாங்கியிருக்கிறது. உள்ளே பிஸ்டன் மேல்மூடியில் போய் மோதிய சத்தம்தான் அந்த ‘டொக்’. இரண்டு ஆண்டுகள் ஷாக் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. நாங்கள் புஷ்களை மாற்றிக்கொண்டிருந்தோம்.

பின்னால் இரண்டு பக்கமும் நீளமான ஷாக் போட்டோம். ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே சீராக ஆட்டம் அடங்காது. நீளமானதைப் போட்டால் மறுபக்க ஆபத்து ஒன்று உண்டு: முழுதாக அமுங்கும்போது அது அடிமுட்டி உடையும். அதனால் பட்டை அளவுக்கு மேல் அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரையும் கீழே இறக்கி வைத்தோம். ரப்பர் புஷ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் பாய் போல்ட்டைக் கடைசியாக இறுக்கினார். முன்பக்கமும் அளந்து பார்த்தோம். அங்கே நீளம் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. சத்தம் இல்லை. கரையிலிருந்து வந்த அன்றே ஷாக் தண்டுகளை நல்ல தண்ணீரால் கழுவுகிறேன். ரப்பர் உறையும் போட்டிருக்கிறேன். உயரத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மணலில் என்னைக் காப்பாற்றியது 2 அங்குல உயரத்தைவிட டயரில் காற்றை 30 பவுண்டிலிருந்து 18-க்குக் குறைத்ததுதான். உயரம் எனக்கு மழைக்காலச் சகதிக்கு உதவியது. மணலுக்காக மட்டும் என்றால் நான் உயர்த்தியிருக்கவே மாட்டேன்.

இப்போதும் மூக்கையூரிலிருந்து திரும்பியதும், பெட்டிகளை இறக்குவதற்கு முன் நான்கையும் தொட்டுப் பார்க்கிறேன். போன வாரம் நான்கும் ஒரே சூட்டில் இருந்தன. முன் வலதில் கீழ்ப் புஷ்ஷின் ரப்பர் மட்டும் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஐப்பசிக்குள் மாற்றிவிட வேண்டும்.