பிஎஃப், ஈஎஸ்ஐ பணத்தை கன்சல்டன்ட் கணக்கில் போடாதீங்க: 2,29,680 ரூபாய் போச்சு

மதுரையில் பட்டறையோ கடையோ வைத்து இருபது முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள், இதைப் படித்த கையோடு போன மாதத்து பிஎஃப் சலானை எடுத்துப் பாருங்கள். கே.புதூர் பக்கம் ரப்பர் பட்டறை எங்களுடையது. பிஎஃப், ஈஎஸ்ஐ வேலை பார்த்துக் கொடுக்கிற ஒரு கன்சல்டன்ட் மூன்று மாதப் பணத்தைச் சுருட்டிவிட்டார். 2,29,680 ரூபாய். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கணக்கு இதுதான். 22 பேர், பிஎஃப் சம்பளம் ஆளுக்கு 12,000. தொழிலாளி பங்கு 12 சதவீதம், நம் பங்கு 12, இன்சூரன்ஸ் அரை, நிர்வாகக் கட்டணம் அரை. ஆக 25 சதவீதம், மாதம் 66,000. ஈஎஸ்ஐ அவர்களிடம் பிடிப்பது முக்கால் சதவீதம், நாம் போடுவது மூன்றேகால், அது 10,560. இரண்டும் சேர்த்து 76,560. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதச் சம்பளத்துக்கும் 2,29,680. இதில் 1,00,980 ரூபாய் தொழிலாளிகள் சம்பளத்திலிருந்து பிடித்த பணம். வயிறு எரிவது அதற்குத்தான்.

ஆள் ஒன்றும் தெரியாதவர் இல்லை. 2025 நவம்பர் 21-ல் நாலு புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்து எல்லோரும் குழம்பிக் கிடந்த நேரம். சம்பளப் பட்டியலை வாங்கிப் பார்த்து, அலவன்ஸ் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது சம்பளக் கணக்கில் சேரும் என்று சரியாகச் சொன்னார். அத்தனை பேருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தமிழிலேயே அடித்துக் கொடுத்தார். அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்: "அண்ணே, உங்க நெட்பேங்கிங்ல பேமென்ட் ஃபெயில் ஆகிக்கிட்டே இருக்கு. நம்ம ஆபீஸ் அக்கவுண்ட்ல போட்டுவிடுங்க, பத்து கம்பெனிக்குச் சேத்துக் கட்டிர்றோம்."

சேர்த்துக் கட்டுவதாவது! ஒவ்வொரு நிறுவனத்தின் பதிவு எண்ணுக்கும் சலான் தனி, பணமும் தனி.

திருட்டு நடந்த இடத்தை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஈசிஆர் பைலை, அதாவது ஆள்வாரியான மாதக் கணக்கை, ஏற்றி ஒப்புதல் கொடுத்தாலே பிஎஃப் போர்டல் சலான் போட்டுத் தந்துவிடும். ஒரு பைசா கட்டியிருக்க வேண்டாம். அந்தப் பிடிஎஃப்பில் நிறுவனப் பெயர் இருக்கும், அந்தச் சலானுக்கான டிஆர்ஆர்என் நம்பர் இருக்கும், பிஎஃப்பின் உள்கணக்குகள் 1, 2, 10, 21, 22 என்று கட்டம் கட்டமாகத் தொகை இருக்கும். பார்க்க ரசீது மாதிரியேதான் இருக்கும். ஆனால் அது கட்டவேண்டிய தொகைக்கான சீட்டு. கட்டியதற்கு அத்தாட்சி வேறு: பணம் போன தேதி, வங்கிப் பெயர், பணம் கட்டியபின் விழும் சிஆர்என் நம்பர் உள்ள பேமென்ட் கன்ஃபர்மேஷன் ரசீது. மாதாமாதம் வாட்ஸ்அப்பில் வந்தது முதல் வகை மட்டும். ஈஎஸ்ஐயிலும் இதே ஓட்டைதான், சலான் நம்பர் விழுவது ஒன்று, பணம் ஏறுவது வேறு.

மோல்டிங்கில் இருக்கும் ஒரு தம்பி பிஎஃப் அட்வான்ஸ் போடப் போய் பாஸ்புக்கைப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது. டிசம்பரோடு நிற்கிறது. கேட்டால் முதலில் "சர்வர் சுத்துதுண்ணே". அடுத்து "பாஸ்புக்ல ஏற லேட் ஆகும்". பிறகு "ஆடிட்டர் ஊர்ல இல்ல". கடைசியாக அவர் ஆபீசில் இருந்த பெண், சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லியே ஃபோனை வைத்தது. இப்போது நம்பர் சுவிட்ச் ஆஃப்.

கன்சல்டன்டிடம் கொடுத்துவிட்டோம் என்பது பிஎஃப் அலுவலகத்தில் பதிலே ஆகாது. கெடு அடுத்த மாதம் 15. தாண்டினால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி, அபராதம் தனி. தொழிலாளி பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம், வழக்கு முதலாளி மேல். அதாவது அந்த 2,29,680-ஐ மறுபடி கையிலிருந்து கட்டணும், மேலே வட்டியும்.

இன்னொன்று, போர்டலில் பதிந்திருப்பது அவருடைய கைபேசி, அவருடைய மெயில். ஓடிபி எல்லாம் அங்கேதான் போகும். டிஜிட்டல் கையெழுத்து உள்ள யுஎஸ்பி டாங்கிளும் அவர் மேஜை டிராயரில். ஒரு சலானைப் பார்க்கக்கூட அவர் தயவு வேண்டும். இப்போது முதலாளி அடையாளச் சான்றோடு கடிதம் எழுதி, நம்பரை மாற்றித் தரச் சொல்லி அலுவலகத்தில் நிற்கிறோம்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சலான் போடுவது அவராக இருக்கட்டும், பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகட்டும். அவருக்கு ஃபீஸ் மட்டும். சிஆர்என் இல்லாத சீட்டை ரசீது என்று ஃபைலில் வைக்காதீர்கள். டிஆர்ஆர்என் நம்பரை பிஎஃப் இணையதளத்தில் போட்டால் கட்டியாயிற்றா இல்லையா என்று தெரியும். பதிவான கைபேசி, மெயில் முதலாளியுடையது. டாங்கிள் உங்கள் பீரோவில். தொழிலாளிகளை மாதம் ஒருமுறை பதிவு செய்த நம்பரிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள், கடைசியாக ஏறிய தொகை மெசேஜில் வரும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வாட்ஸ்அப் உரையாடலையும் ஜிபே விவரத்தையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள், புகாரைப் பெற்றதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.