திருச்சிக்கு 'ஆறு மணி நேரம்தான்' என்று டிக்கெட் விற்கிறார்களா? வாங்குமுன் இதைப் படியுங்கள்

பேத்தியைப் பார்க்கச் சிங்கப்பூர் வந்திருந்த அம்மா போன மாதம் ஊருக்குத் திரும்பினார். 68 வயது, முழங்கால் வலி, தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. நேர் விமானத்துக்கு விலை ஏறிக் கிடந்ததால் தேக்கா பக்கம் ஓர் ஏஜெண்டிடம் போனேன்.

"கோலாலம்பூர் வழியா இருக்கு தம்பி, 120 வெள்ளி கம்மி. நேரா போனாலே நாலு மணி நேரம். இது ஆறுதான்" என்றார். ஒரு துண்டுச் சீட்டில் பச்சை மையில் எழுதியும் கொடுத்தார்: சிங்கப்பூர் மதியம் 1:15, திருச்சி இரவு 7:25. கீழே கோடு போட்டு, '6 மணி 10 நிமிடம்'.

நானும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் உறைத்தது. 7:25 என்பது திருச்சி நேரம். நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அப்போது இங்கே இரவு 9:55. ஆக, பயணம் 8 மணி 40 நிமிடம். நேர் விமானம் நாலு மணி நேரம் பறந்தாலும் கடிகாரப்படி போகும்போது ஒன்றரை மணி நேரமாகவும் வரும்போது ஆறரை மணி நேரமாகவும் தெரியும். இங்கே வேலை பார்த்த என் அப்பா எப்போதும் இரண்டு மணி நேர வித்தியாசம் என்றே சொல்வார். அவர் காலத்தில் அது சரிதான். 1982 ஜனவரி 1இல் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. தினமும் டிக்கெட் விற்கிறவருக்கா இது தெரியாது?

நேரத்தைக்கூட விட்டுவிடலாம். அவர் வாயே திறக்காத விஷயம், அவை தனித்தனி டிக்கெட்டுகள் என்பது. வேறு வேறு நிறுவனம், வேறு வேறு பிஎன்ஆர், அதாவது முன்பதிவு எண். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். கோலாலம்பூரில் அம்மா குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, ரயிலேறி அடுத்த முனையத்துக்குப் போய் மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தது. மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. வரிசையில் நின்ற ஒரு தமிழ்ப் பையன் தன் கைபேசியிலேயே நிரப்பிக் கொடுத்திருக்கிறான். சக்கர நாற்காலியும் முதல் விமானத்துக்கு மட்டுமே பதிவாகியிருந்தது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு அம்மா போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள்.

ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்பதால் இரு நிறுவனத்தாரும் கைவிரித்தார்கள். மறுநாள் டிக்கெட்டுக்கு 280 வெள்ளி கட்டினேன். இரவு முழுக்க அம்மா இரும்பு நாற்காலியில். "பேரப்புள்ள போட்டுவிட்ட ஸ்வெட்டர் இருக்குய்யா, குளிரல" என்று அவர் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏஜெண்டிடம் கேட்டால், "விமானம் லேட்டானதுக்கு நான் என்ன பண்றது?" என்கிறார்.

நடுவில் விமானம் மாறிப் போகும் டிக்கெட் என்றால் பணம் கட்டுமுன் கேளுங்கள்: பிஎன்ஆர் ஒன்றா, இரண்டா? பெட்டி திருச்சி வரை நேராகப் போகுமா? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுதி வாங்குங்கள். பயண முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் பட்டியலிலும் பாருங்கள்.

பச்சை மைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன். பயனீட்டாளர் சங்கத்துக்குக் கொடுத்த புகாரோடு அதன் நகலையும் இணைத்திருக்கிறேன்.