1.8, 2.2, 2.5: டர்பன் சாலைகளுக்கு டயரில் எவ்வளவு காற்று?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து பெருஞ்சாலையை எட்டுவதற்குள் 11 வேகத்தடைகளைக் கடக்க வேண்டும். அவற்றை நான் எண்ணத் தொடங்கியது, என் தாயாருக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்த பிறகுதான். வாரத்திற்கு இருமுறை அவரை இயன்முறைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடையிலும் அவர் கதவுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சை அடக்குவதைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவது எனக்குப் பெரும் வேதனையாக இருந்தது. வேகத்தைக் குறைத்தாயிற்று, இருக்கையில் மெத்தை விரித்தாயிற்று; மாற்றிப் பார்க்க எஞ்சியிருந்தது டயர்க் காற்று ஒன்றுதான். அன்று தொடங்கி ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் 1.8 பார், 2.2 பார், 2.5 பார் (பார் என்பது காற்றழுத்தத்தின் அலகு) என்னும் மூன்று அளவுகளிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இப்போது 2.2-இல் நிலைத்துவிட்டேன். அந்த முடிவுக்கு வந்த வழி நேரானதாக இல்லாததால், அதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

இந்த எண்கள் எந்த வண்டிக்கு உரியவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். என்னுடையது 195/65 ஆர்15 டயர் போட்ட சாதாரண செடான் கார். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில், மூவர் வரை ஏறினால் நான்கு சக்கரங்களுக்கும் 2.2 என்றும், முழுச் சுமை ஏறினால் முன்னே 2.4, பின்னே 2.6 என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். 2.2 பார் என்பது 220 கிலோபாஸ்கல். பழைய கணக்கில் 32 பி.எஸ்.ஐ. உங்கள் வண்டியின் தாளில் வேறு எண் இருந்தால், நான் 1.8 என்னும் இடத்தில் அதைவிட 0.4 குறைவு என்றும், 2.5 என்னும் இடத்தில் 0.3 கூடுதல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எண் இந்தக் கணக்கில் வராது. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தத்தைக் குறிப்பது.

1.8-ஐப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், அது தரும் சுகம் உண்மையானது. காற்றைக் குறைத்த முதல் நாளே, தார் பெயர்ந்த இடங்களிலும், பாலத்து இணைப்புகளிலும், ஒட்டுப்போட்ட சாலையிலும் வண்டிக்குள் வந்துகொண்டிருந்த கடகடப்பு பாதியாகக் குறைந்துவிட்டது போல இருந்தது. டயரும் ஒரு சுருள்வில்லைப் போன்றதுதான். காற்று குறையும்போது அந்த வில் இளகிச் சிறிய மேடுபள்ளங்களைத் தனக்குள்ளேயே விழுங்கிக்கொள்கிறது. ஆனால் நான் எந்த வேகத்தடைகளுக்காகக் காற்றைக் குறைத்தேனோ, அவற்றில் மட்டும் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அவ்வளவு உயரமான மேட்டை டயர் விழுங்க முடியாது; அங்கே வேலை செய்வது வண்டியின் சஸ்பென்ஷன். எனவே கடகடப்பு குறைந்தது, தூக்கிப்போடுவது குறையவில்லை. ஆயினும் அம்மாவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு தெரிந்ததால், அந்த அளவிலேயே ஐந்து மாதம் ஓட்டினேன்.

ஐந்தாம் மாத முடிவில், மழை பெய்த ஒரு மாலை, நீர் நிரம்பியிருந்ததால் ஆழம் தெரியாத ஒரு குழியில் இடப்பக்க முன்சக்கரம் இறங்கி ஏறியது. 2022 ஏப்ரல் வெள்ளத்திற்குப் பிறகு நம் மாகாணத்துச் சாலைகளில் குழி புதிதன்று. அதே போன்ற குழிகளில் அதற்கு முன்பும் பலமுறை இறங்கியிருக்கிறேன். இம்முறை மறுநாள் காலையில் டயரின் பக்கச்சுவரில் ஒரு முட்டையைப் பாதியாக வெட்டி ஒட்டியது போலப் புடைப்பு எழும்பியிருந்தது. டயர்க் கடைக்காரர் அதைக் கழற்றி உட்புறத்தைக் காட்டினார். காற்று குறைந்த டயர் குழியின் விளிம்பில் மோதும்போது முழுவதுமாக நசுங்கி, பக்கச்சுவர் ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கிறது. உள்ளே ஓடும் நூலிழைகள் அங்கே அறுந்துவிடுகின்றன. அறுந்த இடத்தில் வெறும் ரப்பர் மட்டும் காற்றைத் தாங்குவதால் புடைப்பு வருகிறது. ஆணி குத்திய துளையைப் போல அதற்கு ஒட்டுப்போட இயலாது. ஒரே அச்சில் புதியதும் பழையதுமாகப் போடக்கூடாது என்பதால் முன்சக்கரம் இரண்டையும் மாற்ற நேர்ந்தது.

அதே நாளில் அவர் கழற்றிய இன்னொரு டயரையும் அளந்து காட்டினார். நடுவில் 5 மில்லிமீட்டர் ஆழம் இருந்த தடம் (சாலையைத் தொடும் பரப்பில் உள்ள பள்ளக்கோடுகள்), இரு தோள்களிலும், அதாவது ஓரங்களிலும், 4 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. காற்று குறைந்தால் எடையை ஓரங்களே சுமக்கின்றன என்பது எல்லாரும் அறிந்ததே. நான் அதுவரை எண்ணிப் பார்க்காதது அதன் பணக் கணக்கை. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி தடத்தின் ஆழம் 1 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. தோள் அந்த எல்லையைத் தொட்டுவிட்டால், நடுவில் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் அந்த டயரைக் கழற்றத்தான் வேண்டும். நாம் காசு கொடுத்து வாங்கிய ரப்பரில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமலே தூக்கிப்போடுகிறோம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் 1.8 தவறு, 2.2 சரி என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் அன்று கடையிலேயே டயர்க் காற்றை அளக்கும் ஒரு சிறிய கேஜ் வாங்கி வந்து, மறுநாள் காலை ஆறு மணிக்கு, வண்டியை நகர்த்துவதற்கு முன் பழைய பின்சக்கரங்கள் இரண்டையும் அளந்தேன். இரண்டும் 1.6 காட்டின. ஐந்து மாதமும் 1.8 என்று நம்பி நான் ஓட்டியது 1.6-இல். அப்படியானால், அதற்கு முன் பல ஆண்டுகளாக 2.2 என்று நம்பி ஓட்டியதும் உண்மையில் 2.0-ஆகத்தான் இருந்திருக்கும்.

காரணம் எளிது. தாளில் அச்சிட்டிருக்கும் எண், டயர் ஆறியிருக்கும் நிலைக்கு உரியது. நாம் காற்று அடிப்பதோ, கராஜுக்குப் போய்ப் பெட்ரோல் போடும்போது. வீட்டிலிருந்து எட்டுப் பத்துக் கிலோமீட்டர் ஓடிச் சென்ற டயர் சூடேறியிருக்கும். உள்ளே அழுத்தம் 0.2, நெடுந்தூரம் ஓடியிருந்தால் 0.3 வரைகூட உயர்ந்திருக்கும். கராஜில் வேலை செய்யும் தம்பி ‘எத்தனை?’ என்று கேட்கிறார். நாம் ‘இரண்டு புள்ளி இரண்டு’ என்கிறோம். அவர் பொறுப்போடு அதே எண்ணில் நிறுத்திவிட்டு வால்வு மூடியையும் திருகிவிடுகிறார். அவர் செய்ததில் குற்றம் ஏதும் இல்லை. டயர் ஆறியதும் எண் இறங்கிவிடுகிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. வெயிலில் நிறுத்திய வண்டியில் வெயில் பட்ட பக்கம் மட்டும் 0.1 கூடுதலாகக் காட்டுவதையும் பின்னர் கவனித்தேன். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை; ரேடியல் டயரின் அடிப்பகுதி சரியான காற்றிலும் சற்றுப் பிதுங்கித்தான் தெரியும்.

நாம் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் அளவுகளுக்கு இடையே உள்ள வேறுபாடே 0.3-உம் 0.4-உம் தான். அளக்கும் நேரத்தால் வரும் பிழை ஏறத்தாழ அதே அளவுக்கு இருக்கும்போது, எந்த எண் நல்லது என்று வாதிடுவது எப்படி? என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டில் வேறெதையும்விட இதுவே முடிவைத் தீர்மானித்தது. வீட்டில் பம்பு இல்லாதவர்களுக்கு நான் கண்ட வழி இது: காலையில் ஆறிய டயரை உங்கள் கேஜால் அளந்து, ஒவ்வொரு சக்கரத்திலும் எவ்வளவு குறைகிறது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கராஜுக்குப் போனதும் அங்கே காட்டும் எண்ணோடு அந்தக் குறையை மட்டும் கூட்டிச் சொல்லுங்கள். பின் இடச்சக்கரத்தில் 0.2 குறைவு என்றால், கராஜில் அது 2.2 காட்டினாலும் 2.4 வரை அடிக்கச் சொல்ல வேண்டும். சூடான டயரில் எண் கூடியிருக்கிறதே என்று காற்றை வெளியே விடுவதுதான் மிகவும் தவறான செயல்.

உண்மையான 2.2-க்கு வந்த பிறகு அம்மாவை அழைத்துச் சென்ற முதல் நாள், அவர் என்ன சொல்வாரோ என்ற அச்சத்தோடுதான் ஓட்டினேன். “கடகடப்பு கொஞ்சம் கூடியிருக்குப்பா, ஆனா திரும்பும்போது தொட்டில் மாதிரி ஆடுறது நின்னுபோச்சு” என்றார். அந்த ஆட்டத்தை நான் அதுவரை உணரவே இல்லை. இளகிய பக்கச்சுவர் வளைவுகளில் ஒருபக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்கிறது. முதுகுவலி உள்ளவர் ஒவ்வொரு முறையும் தம் உடலை இறுக்கி அதைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. மேலும் கீழும் வரும் அதிர்வை மட்டுமே சுகத்தின் அளவாக எண்ணியிருந்த எனக்கு, பக்கவாட்டு ஆட்டமும் அதில் ஒரு பாதி என்பது அன்றுதான் விளங்கியது. வேகத்தடைகளுக்கு நான் கண்ட மருந்து, பின்பக்கத்து ஷாக் அப்சார்பர்களை மாற்றியது. அந்தச் செலவை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு டயர் மிஞ்சியிருக்கும்.

2.5-ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெட்ரோல் மிச்சமாகும் என்று என் மைத்துனர் வற்புறுத்தியதால், அம்மா நடமாடத் தொடங்கிய பிறகு மூன்று மாதம் வைத்திருந்தேன். ஸ்டியரிங் கூர்மையாக இருந்தது. சாலையின் ஒவ்வொரு சிறு கல்லும் உள்ளே கேட்டது. தடையைத் தாண்டிய பிறகும் வண்டி ஒருமுறை துள்ளியது. காற்று கூடினால் டயர் உருளும் தடை குறையும் என்பது உண்மைதான். எனினும் ரோபோவுக்கு ரோபோ (நம் ஊரில் போக்குவரத்து விளக்கைச் சொல்வது அப்படித்தான்) நின்று போகும் என் ஊர் ஓட்டத்தில், பெட்ரோல் கணக்கில் நான் நம்பிச் சொல்லக்கூடிய வேறுபாடு எதையும் காணவில்லை. நடுத்தடம் தேய்கிறதா என்று சொல்ல மூன்று மாதம் போதாது. ஆனால் ஐந்து பேர் ஏறினால் கதை மாறிவிடுகிறது. புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கும், தைப்பூசத்தன்று காவடிக்கும், சின்னம்மா குடும்பத்தோடு பானை, பூ, பழம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும்போது, முந்தைய நாள் காலையிலேயே தாளின் இரண்டாம் வரியில் உள்ளபடி முன்னே 2.4, பின்னே 2.6 வைத்துவிடுகிறேன். அந்தச் சுமையில் வண்டி 2.2-இல் போவதைவிட அமைதியாகவே போகிறது.

ஜொஹானஸ்பர்குக்கு அடிக்கடி போய் வருபவர்களுக்கு ஒரு செய்தி. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜொஹானஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் நம் ஊரைவிட 0.18 பார் அளவுக்குக் குறைவு என்பதால், டயரில் ஒரு துளிக் காற்றும் கூடாமலே கேஜ் அவ்வளவு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஜூலை மாதம் லெனேசியாவில் மாமா வீட்டில் தங்கியிருந்தபோது விடியற்காலையில் அளந்தால், நான் டர்பனில் வைத்த 2.2 அப்படியே இருந்தது. அங்கே அன்று 4 டிகிரிக் குளிர். டர்பனில் நான் காற்று வைத்தபோது 20 டிகிரி. உயரம் கூட்டியதைக் குளிர் கழித்துவிட்டது. டிசம்பரில் போனால் அந்தக் கழிவு குறைவு என்பதால் 2.3 அளவுக்குக் காட்டும். இரண்டு மூன்று நாள் தங்கித் திரும்புவதானால் அதைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. அங்கே காற்றை இறக்கிவிட்டு வேன் ரீனன் கணவாய் வழியாகக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தால், டயர் இங்கே குறைவழுத்தத்தில் ஓடும்.

சரளைச் சாலைக்கும் மணலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சானி கணவாய்க்கு உறவினர் ஒருவரின் பக்கியில் (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டியில்) ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். அவர் மலையடிவாரத்தில் காற்றை இறக்கி, திரும்பித் தார்ச்சாலைக்கு வந்ததும் ஏற்றிக்கொண்டார். கல்லில் குலுங்குவது நன்றாகவே குறைந்தது. என் அனுபவம் அந்த ஒரு பயணத்தோடு சரி என்பதால், அதற்கு எண் சொல்ல நான் துணியமாட்டேன். டயரில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிக்கப் பணம் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்.

அழகுக்காக 205/45 ஆர்17 என்னும் தாழ்ந்த பக்கச்சுவர் டயர் போட்டிருக்கும் அண்டை வீட்டு இளைஞர், தம் வண்டி கடினமாக இருப்பதால் காற்றைக் குறைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். என் டயரின் பக்கச்சுவர் உயரம் 127 மில்லிமீட்டர், அவருடையது 92. நசுங்க இடமே இல்லாத அந்தச் சுவரில் காற்றையும் குறைத்தால், முதல் குழியிலேயே ரிம்மும் சேர்ந்து போகும். வண்டிக்கு ஏற்ற சிறிய ரிம்முக்குத் திரும்புவதுதான் அவருக்குச் சுகம் தரும் என்று சொல்லியிருக்கிறேன்.

டயர் தானாகவே மெதுவாகக் காற்றை இழக்கும். எனக்கு மாதத்திற்கு 0.1 அளவுக்குக் குறைகிறது. ஆகவே இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, ஞாயிறு காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் அளக்கிறேன். டிக்கியில் கிடக்கும் ஸ்பேர் டயரையும் அன்றே பார்த்துவிடுகிறேன். அதில் மட்டும் தாளில் உள்ள மிகப் பெரிய எண்ணான 2.6 வைத்திருக்கிறேன், வழியில் தேவைப்பட்டால் கொஞ்சம் காற்றை வெளியே விட்டு 2.2-க்குக் கொண்டுவந்துவிடலாம், இல்லாத காற்றை இரவு நேரத்தில் சாலையோரத்தில் ஏற்ற முடியாது.