வடிகால் கானா, சுவரா, சைரனா, இடமாற்றமா: மண்சரிவைத் தடுக்க மலையில் எதை முதலில் செய்வது?

கொழும்பில் இரவு மழை பிடித்தால், கொட்டாஞ்சேனை அறையில் இருக்கும் நாங்கள் நாலு பேரும் தூங்க மாட்டோம். நாலு பேருக்கும் ஊர் மலையில். இங்கே ரோட்டில் முழங்காலளவு நின்றாலும் தண்ணீர் விடிவதற்குள் வடிந்துவிடும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு மேலே நிற்கும் மலையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் கொண்டுபோனது, அதில் நிறையப் பேர் மண்ணுக்கடியில். அதிலிருந்து எங்கள் அறையில் ஒரே விவாதம்: எதைச் செய்தால் அடுத்த மழைக்கு ஊர் தப்பும்?

முதலில் எல்லோர் வாயிலும் வருவது இடமாற்றம். ஆபத்தான மலையை விட்டு ஆட்களை எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்பார்கள். உண்மைதான், பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டம் அதற்குச் சாட்சி. அங்கே ஆபத்து இருக்கிறதென்று 2005லும் 2011லும் சொல்லப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் புதையும் வரை மக்கள் அங்கேதான் இருந்தார்கள். ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்கள், போக எங்கே காணி இருந்தது என்றும் கேட்க வேண்டும். தப்பியவர்களுக்கே புதுவீடு கைக்கு வர இரண்டு வருடம் ஆனது. என் மாமா சொல்வார்: "போகச் சொல்றாங்க தம்பி. எங்க போறதுன்னு மட்டும் யாரும் சொல்லல." உறுதிப்பத்திரத்தோடு காணி, பக்கத்தில் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், இந்த மூன்றும் இல்லாத இடமாற்றம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

அடுத்தது சுவர், சரிவுக்குள் இரும்புக் கம்பி இறக்கி மண்ணைப் பிடித்துவைக்கும் மண்ணாணி, கம்பிக்கூட்டுக் கல்லணை. இதில் ஹொங்கொங்கை மிஞ்ச ஆளில்லை. 1972 ஜூனில் ஒரே நாளில் இரண்டு மண்சரிவுகளில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1977இல் சரிவுகளைக் கண்காணிக்கவே தனி அலுவலகம் தொடங்கினார்கள். இன்று சுமார் 60,000 செயற்கைச் சரிவுகள் அங்கே பதிவில் இருக்கின்றன. ஆனால் அது பணக்கார நகரம். நம் நாட்டில் பெருந்தெரு, ரயில் பாதை, ஆஸ்பத்திரிக்கு மேலே சுவர் கட்டலாம், கட்டவும் வேண்டும். ஒவ்வொரு லயத்துக்கும் கட்டக் காசு வராது. தண்ணீர் வெளியேறத் துளை விடாமல் அவசரத்தில் கட்டிய சுவர் இருக்கிறதே, அது தண்ணீரைப் பின்னால் தேக்கி ஆபத்தைக் கூட்டும்.

சரி, எச்சரிக்கை? கொழும்பு ஜாவத்தை வீதியில் இருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதை ஒழுங்காகச் செய்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள் எச்சரிக்கை, 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு, உடனே வெளியேற வேண்டும். உயிர் காக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் டித்வா நேரம் பல ஊர்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அதனால்தான் ஊருக்குள்ளேயே ஒரு மழைமானியும், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும், ராத்திரியில் திறக்கும் ஒரு பள்ளிக்கூடமும் வேண்டும் என்கிறேன்.

என் மனம் நிற்பது நாலாவதில்: கான், அதாவது மழைத்தண்ணீரை வெளியே கொண்டுபோகும் வடிகால். வெப்பமண்டல மலைகளில் பாறை மக்கி ஆழமான மண்ணாகியிருக்கிறது. மழைநீர் உள்ளே இறங்க இறங்க மண்துகள்களுக்கு இடையில் நீரழுத்தம் ஏறும், பிடிமானம் குறையும். அப்படியானால் தண்ணீரை உள்ளே விடாமல் வெளியே கொண்டுபோவதுதானே முதல் வேலை? 200 சதுர மீற்றர் தகரக் கூரை உள்ள ஒரு லயத்தை எடுங்கள். 150 மில்லிமீற்றர் மழையில் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 30,000 லீற்றர் விழும். கூரை ஓரத்தில் தண்ணீரை ஏந்தும் பீலி இல்லாவிட்டால் அது சுவரோரம் விழுந்து மண்ணுக்குள் இறங்கும். குசினித் தண்ணீர், குளிக்கிற தண்ணீர் வேறு.

கரிபியன் தீவான செயின்ட் லூசியாவில் 2004 முதல் ஏழைக் குடியிருப்புகளில் இதையே செய்தார்கள். எந்த வீட்டு ஓரத்தில் தண்ணீர் ஊறுகிறது என்று அங்குள்ளவர்களிடமே கேட்டு, வரைபடம் போட்டு, கூரைக்குப் பீலி, சரிவுக்குக் குறுக்கே கொங்கிறீற் கான். வேலை செய்து கூலி வாங்கியதும் அதே ஊர்க்காரர்கள். கான் வெட்டத் தோட்டத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமா தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்த காலத்தில் கான் வெட்டுக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். இப்போது அவர் தோட்டத்தில் கான்கள் மண்ணடைந்து கிடக்கின்றன.

கான் எல்லாவற்றையும் தடுக்காது. மேலே மலை உச்சியிலிருந்து சேறும் பாறையும் இறங்கினால், 2016இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் நடந்த மாதிரி, அதன் முன் கான் ஒன்றுமே இல்லை. அந்த இடங்களுக்கு இடமாற்றம்தான், அது முடியும் வரை எச்சரிக்கை. ஆனால் லயத்துக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு சரிவதும் உயிரைக் குடிக்கிறது. அங்கே கானுக்கு நிகர் வேறில்லை. கானை ஓடையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், கீழ் லயத்தின் தலைமாட்டில் விடக்கூடாது.

ஐப்பசி மழைக்கு முன் எங்கள் நாலு பேர் காசில் மாமாவின் லயத்துக்குப் பீலி போடுகிறோம். பின்பக்கக் கான் எங்கே போய் முடிய வேண்டும் என்று பார்க்க வரும் ஞாயிறு பஸ் ஏறுகிறேன்.