ஆடிக்காற்றில் மூன்று ராத்திரி: வாடகைக் கேரவன் எப்படி இருந்தது?

டெம்போ டிராவலரை வீடாக மாற்றிய வண்டி அது. நான்கு பேர் படுக்கலாம். இன்டக்ஷன் அடுப்பு, சின்ன பிரிட்ஜ், கழிப்பறை, பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் பந்தல் எல்லாம் உண்டு. ஓட்டுநரோடு நாளைக்கு 9,000 ரூபாய், டீசல் தனி. கோவையில் எடுத்தோம்.

1986-ல் ஒன்றாகப் பாலிடெக்னிக் முடித்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். இப்போதெல்லாம் கல்யாணம், எழவு என்றால் பார்த்துக்கொள்வதோடு சரி. லாட்ஜில் அறை போட்டால் பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் எழுந்து போக வேண்டும். நண்பன் வீட்டில் படுத்தால் அவன் சம்சாரத்துக்கு வேலை. வண்டி இருந்தால் அவன் வாசலிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றுதான் எடுத்தேன். அந்த ஒரு காரியத்துக்கு இதைப் போல வேறு எதுவும் உதவாது.

முதல் ராத்திரி ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. நிழலாக இருக்கிறதே என்று ஓட்டுநர் மரத்தடியில் நிறுத்தப்போனார். "வேண்டாமுங்க தம்பி, ராத்திரி மட்டை விழுந்தா கண்ணாடி தாங்காதுங்க" என்று நண்பன் தேங்காய்க் களத்துக்கு வண்டியைத் திருப்பிவிட்டான். நீங்களும் தோப்பில் தங்கினால் களத்தைக் கேளுங்கள். வீட்டிலிருந்து 15 ஆம்பியர் லைன் இழுத்தால்தான் ஏசி ஓடும், அதற்கும் களம்தான் பக்கம். மறுநாள் அவனும் எங்களோடு ஏறிக்கொண்டான்.

உடுமலை தாண்டும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. உயரமான வண்டி, ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டவே இல்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பந்தலை விரிக்க ஆசைப்படாதீர்கள்.

காங்கேயத்துக்காரனுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துவிட்டது. எங்கேயும் வருவதில்லை. அவனுக்காகத்தான் இந்தப் பயணமே. கிளுவை வேலி ஓரமாக வண்டியை நிறுத்தினோம். கைப்பிடியைப் பிடித்து இரண்டு தடவை ஏறப் பார்த்தான். முடியவில்லை. முதல் படி தரையிலிருந்து 17 அங்குலம், நான் அளந்தேன். "உடுங்கடா, நீங்க கீழ வாங்க" என்றான். மேற்கிலிருந்து காற்று. வண்டிக்குக் கிழக்கே கயிற்றுக் கட்டிலைப் போட்டோம். வண்டியே சுவர் மாதிரி மறைத்துக்கொண்டது. ராத்திரி இரண்டு மணி வரை அவன் பேசினான். நாக்கு கொஞ்சம் குழறினாலும் லேத் பட்டறையில் நாங்கள் வாங்கிய திட்டு ஒன்றுகூட அவனுக்கு மறக்கவில்லை.

சமைக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தும் அவன் சம்சாரம் கொள்ளுப்பருப்பும் சோறும் கொண்டுவந்தார். "ஏனுங்ண்ணா, வண்டிக்குள்ள அடுப்பு இருந்தா நாங்க சோறு போடக் கூடாதுங்களா?"

தண்ணீர்த் தொட்டி 120 லிட்டர். நான்கு பேர் சிக்கனமாகப் புழங்கினால் ஒரு நாள் வரும். காங்கேயத்தில் போர் தண்ணி உப்பு, குடிக்கக் கேன் வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறைப் பெட்டியைத் தினமும் கழற்றி நண்பன் வீட்டுக் கழிப்பறையில் ஊற்றிக் கழுவிவிட்டால் வாடையே இல்லை.

கோபியில் தடப்பள்ளி வாய்க்கால் பக்கம் மூன்றாம் ராத்திரி. லைன் இழுக்க வழியில்லை. விடிய விடிய ஃபேன் ஓடும் என்று வாடகைக்காரர்கள் சொன்ன இன்வர்ட்டர் மூன்று மணிக்கே நின்றுவிட்டது. குளிர்ந்த காற்று வந்ததால் தப்பித்தோம், சித்திரையாக இருந்தால் தூக்கம் போயிருக்கும். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன், பேட்டரி பழசு என்று ஒத்துக்கொண்டு 500 ரூபாய் குறைத்தார்கள். எடுப்பதற்கு முந்தின நாளே போய் ஃபேனைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

தை மாதத்துக்கு இதே வண்டியைச் சொல்லி வைத்திருக்கிறேன். படியை மாற்ற முடியாது என்றார்கள். பவுண்டரியில் முப்பது வருஷம் மரப் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுக்கும் மர மாதிரி, செய்தவன் நான். ஆறங்குலத்துக்கு ஓர் அடுக்கு, இரண்டு அடுக்கு, இடது பக்கம் கைப்பிடி இல்லை, வலது பக்கம் மட்டும். வேப்பம் பலகை அறுத்து வைத்தாயிற்று.