லிப்போஃபெக்டமின் ஆர்என்ஏஐமேக்ஸ்: வாங்கலாமா?

ஹீலா, ஹெக் 293 மாதிரி ஆய்வகத் தட்டில் ஒட்டி வளரும் மனித செல்களில் ஒரு ஜீனை அடக்கிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் இன்விட்ரோஜனின் ஆர்என்ஏஐமேக்ஸை வாங்குங்கள். ஜீனை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏ என்ற குட்டி ஆர்என்ஏத் துண்டைச் செல்லுக்குள் ஏற்றும் ரீஏஜென்ட் (வேதித் திரவம்) இது. விலை கூடத்தான், ஆனால் 24 குழித் தட்டில் குழிக்கு 1 மைக்ரோலிட்டர் போதும் என்பதால் சின்னக் குப்பியே நெடுநாள் வரும். ஆப்டி-மெம் என்ற மீடியத்தில் (செல் வளர்ப்புத் திரவம்) எஸ்ஐஆர்என்ஏவைக் கலந்து, இதையும் சேர்த்து, குழாயை மெதுவாகத் தட்டி, சில நிமிடம் விட்டு செல்கள் மேல் ஊற்ற வேண்டியதுதான். 10 நானோமோலாரிலேயே பெரும்பாலும் நன்றாக அடங்குகிறது. மீடியத்தில் ஆன்டிபயாடிக் வேண்டாம், செல்கள் சாகும். குப்பி 4 டிகிரியில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள்.

இதைத் திட்டுகிறவர்கள் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இதன் பொறுப்பு லாரி சரக்கை இறக்கிவிட்டுப் போவது மாதிரி, 21 எழுத்து (நியூக்ளியோடைடு) நீள இரட்டை இழை எஸ்ஐஆர்என்ஏவை உள்ளே சேர்ப்பதோடு முடிந்தது. (நீளமான இரட்டை இழை போனால் செல் வைரஸ் வந்துவிட்டதென்று இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைக் கிளப்பிவிடும், இந்தக் குட்டித் துண்டுகளால் அதைத் தவிர்க்கலாம் என்று 2001இல் விஞ்ஞானி டுஷ்லின் குழு காட்டிய பிறகுதான் மனித செல்களில் இந்த வேலையே சாத்தியமானது.) அப்புறம் எல்லாம் செல்லின் கையில். ஆர்கோநாட் 2 என்ற புரதம் ஓர் இழையை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும், வைத்திருக்கும் இழைக்குப் பொருந்தும் எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய ஜீனிலிருந்து எடுக்கும் நகல்) சிக்கினால் வெட்டிவிடும். ஏற்கெனவே உருவாகிவிட்ட புரதத்தை அது தொடுவதே இல்லை. அதனால் மறுநாளே வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) போட்டு, பட்டை அப்படியே இருக்கிறது, ரீஏஜென்ட் மோசம் என்று சொன்னால் எப்படி? 24 மணி நேரத்தில் க்யூபிசிஆர் என்ற அளவிடும் சோதனையில் எம்ஆர்என்ஏவைப் பாருங்கள், புரதத்துக்கு 48, 72 மணி நேரமாவது பொறுங்கள்.

அடங்கவில்லையே என்று எஸ்ஐஆர்என்ஏவை அள்ளிப் போடுவதும் கூடாது. ஆர்கோநாட் வைத்திருக்கும் இழையின் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகள் பொருந்தினாலே சம்பந்தமில்லாத ஜீன்களும் அடங்கலாம், நீங்கள் பார்க்கும் விளைவு எதனால் வந்தது என்றே தெரியாமல் போகும். ஒரே ஜீனுக்கு வேறு வேறு இடத்தைக் குறிவைக்கும் இரண்டு எஸ்ஐஆர்என்ஏவாவது வாங்குங்கள், ஒப்பிட்டுப் பார்க்க எந்த ஜீனையும் குறிவைக்காத கன்ட்ரோல் எஸ்ஐஆர்என்ஏவும் கட்டாயம். ரீஏஜென்டில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பதைவிட இதில் செலவழியுங்கள்.

மிதந்து வளரும் ரத்த செல்களுக்கு, மின்துடிப்பால் செல்லில் துளையிட்டு ஏற்றும் எலக்ட்ரோபொரேஷன்தான் சரி. பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) ஏற்ற இதை வாங்காதீர்கள், அதற்கு லிப்போஃபெக்டமின் 3000 இருக்கிறது.